மூன்றாவது அம்பு

கல்யாணமான மறுவாரம் விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்து, திண்டிவனத்தில் என் கணவர் ஜெகதீசனின் கல்யாணப் பத்திரிகைக் கடைக்கு முதன்முதலாகப் போனேன். நல்ல பகல். உள்ளே புழுக்கமும் மை வாசனையும்.

கடையில் ஒரே கம்ப்யூட்டர், அதற்கு இரண்டு மவுஸ். ஏதோ இலவச சாப்ட்வேராம். ஒரே திரையில் ஆளுக்கொரு அம்பு, அடியில் அவரவர் பெயர். அவர் படம் வைக்கும்போதே பக்கத்தில் இருப்பவர் எழுத்துகளை அடுக்கலாம்.

நான் மவுஸைத் தொட்டதும் ஒரு சிவப்பு அம்பு அசைந்தது. அடியில், 'கலைப்பிரியா'.

செத்துப்போன மூத்தாள்.

"ஏங்க, இந்தப் பேரை எடுங்க."

"இருக்கட்டும்மா. பேருதானே, உன்ன என்னா பண்ணுது?"

எனக்கு வயிறு எரிந்தது. கல்யாணத்துக்கு முன்பே, சுமங்கலியாகப் போனவள், பூவாடைக்காரி என்று அவளுக்குப் படையல் போட்டு, படைத்த புடவையை என்னைக் கட்டச் சொன்னார்கள். முடியாது என்றுவிட்டேன். இப்போது அவள் மவுஸ் மட்டும் எனக்கெதற்கு? கடைவீதியில் புதிதாக ஒன்று வாங்கிவந்து சொருகினேன். பழையதைப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டேன். என் பெயரை அடித்ததும் அதோடு ஒரு பச்சை அம்பு வந்தது.

சிவப்பு அம்பு போகவில்லை.

அது அவருடைய அம்பை ஒட்டியே நகர்ந்தது. நான் என் அம்பைக் கிட்டே கொண்டுபோனால் நடுவில் வந்து மறித்தது.

டிக்.

குப்பைக்கூடைக்குள்ளிருந்து சத்தம்.

டிக். டிக்.

திரும்பி அவரைப் பார்த்தேன். திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பயத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

"நான் வேணுமா, அவ வேணுமா? இப்பவே சொல்லுங்க."

"ஏன் பேஜாரு பண்ணிக்கினு இருக்க..." என்று முணுமுணுத்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பெயரை நீக்கினார். சிவப்பு அம்பு மறைந்தது. கூடையும் அடங்கியது.

ஒழிந்தாள் சனியன். சந்தோஷமாக டீ வாங்கப் போனேன்.

திரும்பி வந்து வாசலில் நின்றேன். அவர் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் வேலையில் மூழ்கியிருந்தார். அவருடைய அம்பை உரசிக்கொண்டு, பச்சை அம்பு விறுவிறுவென்று எழுத்துகளை அடுக்கிக்கொண்டிருந்தது. அதன் அடியில் என் பெயர்.

"இப்பத்தான் அஸ்வினி, என் மனசு புரிஞ்சிக்கினு வேலை செய்யிற," என்றார் திரும்பாமலே. "இப்படியே எம்பக்கத்துல இரு."

அவர் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. நான் இரண்டு டீயோடு வாசற்படியிலேயே நின்றேன்.