ஆறாத குழாய்

நான்கு நாட்களாக எண்ணெய் ஓடாத எக்ஸ்சேஞ்சரில் ஒரே ஒரு குழாய் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

ஆலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிட்டர் முதலில் தன் விரலைத்தான் சந்தேகப்பட்டார். கையுறையைக் கழற்றி, விரலைச் சட்டையில் துடைத்து, மறுபடி அந்தக் குழாய்த் துளையின் விளிம்பில் வைத்தார். வெதுவெதுப்பு. பக்கத்துத் துளை சில்லென்றிருந்தது. மேலே, கீழே, எல்லாம் சில்லிப்பு. இது மட்டும் காய்ச்சல்காரன் நெற்றி போல இருந்தது.

பஸ் நீளத்துக்குப் படுத்துக் கிடந்தது எக்ஸ்சேஞ்சரின் இரும்பு உருளை. ஷெல் என்பார்கள். அதற்குள் முனைக்கு முனை கட்டைவிரல் பருமனில் நூற்றுக்கணக்கான குழாய்கள். ஆலை ஓடும்போது கொதிக்கிற எண்ணெய் குழாய்களுக்குள் போகும். குளிர்ந்த நீர் அவற்றுக்கு வெளியே, ஷெல்லுக்குள், தடுப்புத் தகடுகளில் முட்டி முட்டி வளைந்து போகும். எண்ணெயும் நீரும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. நடுவே நகக்கனம் உலோகம். அதைத் தாண்டிச் சூடு மட்டும் போகும், சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு, இரண்டும் சமமாகும் வரை. குழாய் சூடாக இருந்தால் உள்ளே சூடான ஏதோ ஒன்று இருக்கிறது. அவருடைய தொழிலில் இதற்கு விலக்கே கிடையாது.

இன்று குழாய்களுக்குள் எதுவும் இல்லை. இரண்டு முனை மூடிகளையும் கழற்றி, ஷெல் நிறையக் குளிர்ந்த நீரை ஏற்றி, பம்பால் அழுத்தம் கொடுத்து வைத்திருந்தார்கள். ஓட்டைக் குழாயின் வாயில் நீர் கசியும். அதன் இரு முனைகளிலும் பித்தளை பிளக்கை அடித்து அடைக்க வேண்டும். மறுமுனையில் துளை மாறி அடித்தால் நல்ல குழாய் ஒன்று வீணாகும், ஓட்டை அப்படியே இருக்கும். அதனால் ஒருவர் இங்கிருந்து டார்ச் அடிப்பார்; மற்றவர் வெளிச்சம் வரும் துளையை அங்கே பிடிப்பார்.

அங்கே இருப்பது மச்சினன். மனைவியின் தம்பி. தாயில்லாப் பிள்ளையை அவள்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டவர் பிட்டர். "அவன் மேல ஒரு கீறல் விழுந்துச்சு, நீங்க வீட்டுப் பக்கமே வராதீங்க" என்று சிரிக்காமல் சொல்லியிருந்தாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவனை நேரில் பார்க்கவில்லை. நடுவில் சாரமும் பைப்புகளும். பேச்சு குழாய் வழியாகத்தான்.

"மாப்ளே, இந்தக் குழாய் சுடுது."

"அப்படியா மாமா?"

"டார்ச் அடிக்கிறேன். வெளிச்சம் தெரியுதா?"

பம்பின் முனகல். துருவும் பழைய எண்ணெயும் கலந்த வாடை துளைகளிலிருந்து மெல்ல வந்துகொண்டிருந்தது.

"வெளிச்சம் தெரியல மாமா. உங்க கண்ணு தெரியுது."

பிட்டர் கையை நீட்டி டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் துளையிலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தது.

"உண்ட மயக்கமா? ஒழுங்காப் பாரு."

"பாக்குறேன். அதுவும் பாக்குது."

பிட்டர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. குழாய் சுத்தம் செய்யும் நீளக் கம்பியை எடுத்து உள்ளே செலுத்தினார். பாதி போனது. அங்கே மெத்தென்று எதிலோ பட்டது. பிறகு கம்பி தானாகவே நகர்ந்தது. கையிலிருந்து வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று.

"இழுக்காதடா!"

"நான் இழுக்கல மாமா. கம்பி இன்னும் வரவே இல்லையே."

பிட்டர் சாரத்தைச் சுற்றி ஓடினார். தோள் பைப்பில் இடித்தது. மறுமுனையில் யாரும் இல்லை. தரையில் மச்சினனின் கையுறை. அணைந்த டார்ச். அவ்வளவுதான்.

"மாப்ளே!"

"இங்கதான் மாமா." துளையிலிருந்து. "உள்ள."

கட்டைவிரல் நுழையாத குழாய். அதற்குள் ஓர் ஆள் எப்படி? புத்தி கேட்டது.

"குளிருது மாமா. உங்க பக்கமா வாங்க. அங்கதான் என் தலை இருக்கு."

திரும்ப ஓடினார். கத்தினார். பம்பின் இரைச்சல் கத்தலை விழுங்கியது. குளிர்ந்த நீரை வெளியேற்ற வடிகால் வால்வைத் திருகித் திறந்தார். நீர் கறுப்பாகக் கொட்டியது. முழங்கால் நனைந்தது.

"இன்னும் குளிருது. அக்காகிட்ட என்ன சொல்லுவீங்க மாமா?"

வெதுவெதுப்பான அந்தத் துளையைத் தொட்டார். ஆறிக்கொண்டிருந்தது. அவர் விரலுக்கடியில், நொடிக்கு நொடி.

"கை வைங்க மாமா. ரெண்டு கையும்."

வைத்தார். உள்ளங்கைகள் இரண்டையும் துளையைச் சுற்றியிருந்த தகட்டில் பதித்தார். வாயைத் துளையில் வைத்து மூச்சை ஊதினார். மறுபடி ஊதினார். "இரு. இருடா. விட்டுடாத."

தகடு சூடேறியது. மெல்ல. விரல்கள் மரத்தன. மணிக்கட்டு. முழங்கை. தோள்.

அப்போதுதான் உறைத்தது. சூடு எங்கிருந்து எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். எப்போது நிற்கும் என்றும்.

கையை எடுக்கப் பார்த்தார். கை அவருடையதாக இல்லை. கன்னம் தகட்டில் சாய்ந்தது. கண் துளைக்கு நேராக வந்து நின்றது.

மறுமுனையில் செருப்புச் சத்தம். நிஜச் சத்தம்.

"மாமா! ஸ்டோர்ல ஒருத்தன் பிளக் தேடுறேன் தேடுறேன்னு என்னைக் காக்க வெச்சுட்டான். சாப்பிட்ட கையோட போனவன், இப்பதான் விட்டான். ஒத்தையில என்னதான் பண்ணிட்டு இருந்தீங்க?"

தரையிலிருந்து டார்ச்சை எடுக்கும் சத்தம். கிளிக். குழாயின் நீளம் முழுவதும் வெளிச்சம் ஓடி வந்து அவர் கண்ணில் விழுந்தது.

"அட, உங்க கண்ணு தெரியுது!"

போ. ஓடு. தொடாதே. உதடு அசையவில்லை. மூச்சில் சூடில்லை. குரல் எழவில்லை.

வெளிச்சத்தை ஒரு விரல் மறைத்தது.

"என்ன மாமா, இந்தக் குழாய் சுடுது?"

"ஆமா மாப்ளே" என்றது குழாய், பிட்டரின் குரலில். "ரெண்டு கையையும் வை."