செம்புக் குவளையும் வெள்ளை மீசையும்

"அப்பாடா... மோர்!"

லண்டன் கிரீன் லேன்ஸ் தெருவின் மழையிலிருந்து துருக்கிக் கடைக்குள் ஓடிவந்த தாரிணி, குளிர்பெட்டியில் அய்ரான் பாட்டில்களைக் கண்டதும் வாய்விட்டே சொல்லிவிட்டாள். கை நீட்டியதுதான் தாமதம்...

"அதை எடுக்காதேங்கோ!"

பெட்டிக்குப் பின்னாலிருந்து முதலில் ஒரு ஸ்குருடிரைவர் வந்தது. பிறகு கலைந்த தலை. அப்புறம் இரண்டு கண்கள்... அடக்க அடக்கச் சிரிக்கிற கண்கள். அவன் ஜெஸ்ரின். கடைகளின் குளிர்பெட்டிகளைப் பழுதுபார்ப்பவன்.

"ஏன்? ஷாக் அடிக்குமா?"

"இல்லை. முதல்தரம் குடிக்கிற ஆக்கள் மெஷினில வாறதைக் குடிக்கவேணும். செம்புப் பேணியில, நுரையோட."

"மோர் குடிச்சே வளர்ந்தவ நான். எனக்கே டியூஷனா?"

"இது மோர் இல்லை."

"தயிர், தண்ணி, உப்பு. மோர் இல்லாம மோட்டார் ஆயிலா?"

ஆஸ்பத்திரியில் பத்து நோயாளிகளை ஒரே பார்வையில் அடக்குகிற டாக்டரம்மாவாயிற்றே, விடுவாளா? சோறு வாங்கினாள், பாட்டில் அய்ரானை அதன் தலையில் கவிழ்த்தாள், கைப்பையிலிருந்து மாவடு பாட்டிலை எடுத்தாள். கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். வெண்ணெயில் வெந்த சோறு வழுக்கியது, புளிப்பு வேறெங்கோ இழுத்தது... ஆனாலும் மானம் பெரிதில்லையா? அத்தனையையும் விழுங்கினாள்.

ஜெஸ்ரின் ஒரு செம்புக் குவளையைக் கொண்டுவந்து வைத்தான். மேலே பஞ்சுப் பொதியாய் நுரை. ஒரு வாய்... குளிர்ச்சி, அதன் அடியில் உப்பு, அதற்கும் அடியில் ஒரு சின்னப் புளிப்பு. தன்னையறியாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சுமார்தான்," என்றாள்.

"உங்கட மீசை வேற கதை சொல்லுது," என்றான் அவன்.

சட்டென்று உதட்டைத் துடைத்தாள். கன்னம் ஏன் இப்படிச் சுடுகிறது?

அதன்பிறகு வியாழன்தோறும், அவளுடைய அரைநாள் ஷிப்ட் முடிகிற நேரம் பார்த்து, அந்தக் கடையில் ஏதாவதொன்று பழுதானது. மூன்றாவது வாரமே அவளுக்குப் புரிந்துவிட்டது, மெஷினுக்கு ஒரு நோயும் இல்லை என்று. பிடித்திருந்தது. ஆனால் ஒன்று மட்டும் உறுத்தியது. அவன் எதிரில் உட்கார்ந்து வெறும் தேநீர்தான் குடித்தான். கேட்டால், "எனக்கு வேண்டாம்." அவ்வளவுதான்.

ஒரு வியாழன், துணிந்து இரண்டு குவளை வாங்கினாள். ஒன்றை அவன் பக்கம் நகர்த்தினாள். மனதையே நகர்த்துவதுபோல் இருந்தது...

அவன் ஒற்றை விரலால் அதைத் திருப்பித் தள்ளினான்.

"ஒரு நாளைக்கு நாலு குடிக்கிற ஆளாச்சே இவர்!" என்று கடைக்காரர் ஆங்கிலத்தில் ஆச்சரியப்பட்டார்.

"ஓ... நான் வாங்கிக் கொடுத்தா மட்டும் இறங்காதா?"

"தாரிணி, அது வந்து..."

"சொல்லுங்க!"

அவன் தேநீரைக் கலக்கத் தொடங்கினான். அவள் குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கிவிட்டாள்.

அடுத்த வியாழன் அவள் போகவில்லை. அழவும் இல்லை... என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஞாயிறன்று, அய்ரானுக்காக மட்டுமே, சத்தியமாக அய்ரானுக்காக மட்டுமே போனாள்.

கதவு படாரென்று திறந்தது. கோட், டை, பாலிஷ் போட்ட சப்பாத்து, கையில் அவளுடைய குடை. குடையை வைத்துக்கொண்டே நனைந்து வந்திருந்தான், பைத்தியக்காரன்! இரண்டு குவளை வாங்கி, அவள் முன்னால் நின்று, ஒன்றை ஒரே மூச்சில் குடித்து முடித்தான்.

"இண்டைக்கு உயிர்த்த ஞாயிறு, தவக்காலம் முடிஞ்சுது. பூசை முடிஞ்ச கையோட ஓடி வாறன். தவக்காலம் நாப்பது நாளும் ஆக விருப்பமானதை விடவேணும். விபூதிப் புதனில இருந்து நான் அய்ரானை விட்டனான்."

"அதைச் சொல்றதுக்கு என்ன?"

"ஒறுத்தலைச் சொல்லிக்கொண்டு திரியக் கூடாது. அது எங்கட வழக்கம்."

"கஷ்டகாலம்! எங்க வீட்ல ஏகாதசி விரதத்தை நாலு தெருவுக்குச் சொல்வாங்க. அது சரி, விபூதிப் புதனா? நாங்க நாமக்காரங்க, வீட்ல விபூதியே கிடையாது. எங்கப்பாகிட்ட இதை எப்படிச் சொல்லப் போறேனோ..."

"எதை?"

தாரிணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். போச்சு... எல்லாம் போச்சு!

அவன் மெல்ல உட்கார்ந்தான். உதட்டின் மேல் நுரையின் வெள்ளை மீசை அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் இப்போது சிரிக்கவில்லை.

"நாப்பது நாள் அய்ரான் இல்லாம இருந்திட்டன் தாரிணி. பத்து நாள் உங்களைக் காணாம இருக்க ஏலாமப் போச்சு."

வெளியே மழை விட்டிருந்தது. அவள் தன் குவளையை எடுத்து நிதானமாகக் குடித்தாள்.

"நீங்க சொன்னது சரி," என்றாள் தலைகுனிந்து. "இது மோர் இல்லை."

அவளிடமிருந்து அதைவிடப் பெரிய சம்மதம் கிடைக்காது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"அடுத்த வருஷமும் தவக்காலம் வருமில்ல? ரொம்பப் பிடிச்சதைத்தானே விடணும்... அப்போ எதை விடுவீங்க?"

"அய்ரானைத்தான்," என்றான் ஜெஸ்ரின், குரலைத் தாழ்த்தி. "அதைவிட விருப்பமானது ஒண்டு வந்திட்டுதெண்டு ஆண்டவருக்குச் சொல்லமாட்டன்."