பந்தல்மேட்டு ரசம்

பள்ளிக்கூட லீவு நாளில் ஓர் ஊரில் பிள்ளைச் சத்தமே இல்லை என்பது படகை விட்டு இறங்கியதுமே ஜெயசீலிக்கு உறைத்தது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டில் கிடந்த பந்தல்மேடு அழகான ஊர்தான். தெருவுக்குத் தெரு திராட்சைப் பந்தல், அதற்கடியில் குளிர்ந்த பச்சை நிழல், அந்த நிழலுக்குள் பழுத்து வெடித்த பழத்தின் புளிப்பும் கடல் உப்பும் கலந்து மூக்கில் வந்து படியும் வாசனை. நாய் குரைத்தது, கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டது. ஒரு குழந்தை அழவில்லை, ஒரு பையன் கோலி உருட்டவில்லை.

“பிள்ளைங்களே கண்ணுல படலியே, பார்த்தீங்களா?” என்றாள் கணவரிடம்.

“வெயிலுக்கு உள்ள தூங்கிக்கினு இருக்கும். ஒரு நாளாவது நிம்மதியா இரேன், ஜெயா.”

கிருபானந்தம் சித்தூரில் வாத்தியார், சபையில் டீக்கன். திருவிருந்துக்கு வேண்டிய திராட்சரசத்தை இந்த ஊரிலிருந்து வாங்கி வரும் பொறுப்பு எழுபத்திரண்டாம் வருஷம் அவர் தலையில் விழுந்தது. அதையே சாக்காக வைத்துக் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். சத்தியவேட்டில் சித்தப்பா வீட்டில் தங்கி, காலையில் பஸ் பிடித்து, பாய்ப்படகில் ஏரியைத் தாண்டி வந்தாயிற்று. ரசம் வாங்குவது கொஞ்ச நேர வேலை, மிச்ச நேரமெல்லாம் ஊர் சுற்றலாம் என்று ஆறு வயது மகள் தபீதாளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

தபீதாளின் வாய் ஓயவே இல்லை. கடல் எங்கே போய் முடிகிறது, நண்டுக்கு வீடு உண்டா, திராட்சைக்கு ஏன் இத்தனை பந்தல் என்று கேட்டுக்கொண்டே அலையில் ஓடினாள். புதுச் செருப்பு கடித்து வலது குதிகாலில் கொப்புளம் போட்டிருந்தது. உப்புத் தண்ணீர் பட்டதும், “கால் எரியுதும்மா” என்று சிணுங்கினாள். ஜெயசீலி அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, சடையில் அவிழ்ந்த மஞ்சள் ரிப்பனைக் கட்டிவிட்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

உச்சி வெயிலில், ஏரிக்கரையை ஒட்டி இருந்த ரசம் விற்கும் வெங்கடம்மா வீட்டுக்குப் போனார்கள். முற்றத்துப் பந்தலின் கீழே நீளமான கல்தொட்டி ஒன்று பலகையால் மூடிக் கிடந்தது. தரையில் சின்னச் சின்னக் கால் தடங்கள், சாறு காய்ந்த சிவப்பில். எல்லாம் தொட்டியை நோக்கிப் போயிருந்தன. திரும்பி வந்த தடம் ஒன்றுமில்லை.

“ரண்டம்மா, கூர்ச்சோண்டி” என்று தெலுங்கில் உட்காரச் சொல்லிப் பாய் விரித்தாள் வெங்கடம்மா.

“இது யார் காலு?” என்று கேட்டாள் ஜெயசீலி.

“பிள்ளைங்க காலுதான். பெரியவங்க மிதிச்சா கொட்டை நசுங்கி ரசம் கசந்துடும். எங்க ஊர்ல எப்பவும் பிள்ளைங்கதான் மிதிக்கும்.”

“பிள்ளைங்க எங்க?”

வெங்கடம்மா தபீதாளின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பாப்பாக்கு காலு எவ்ளோ சின்னதா கீது” என்றாள் மெதுவாக.

ஜெயசீலி மகளை இழுத்து மடியோரம் உட்கார வைத்துக்கொண்டாள். சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் கிளம்பிவிட வேண்டும் என்று மட்டும் நினைத்தாள். புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்ததும் கிருபானந்தம் கைகளை நீட்டினார். அவர்கள் வீட்டில் ஜெபமென்றால் கைகோத்து, கண்ணை மூடி, ஆமென் சொல்லும்வரை திறக்கக்கூடாது. திறந்தால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். அவர் ஜெபம் செய்தால் சோறு ஆறிவிடும் என்று சபையே கேலி பேசும். மோட்டார் வண்டிகள், மிஷனரிமார், மழை என்று ஒவ்வொன்றாக ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு போனார்.

நடுவில் தபீதாளின் கை நழுவியது.

எங்கோ பலகை நகரும் சத்தம் கேட்டது. சளப், சளப் என்று ஏதோ மிதிபடும் சத்தம். கண்ணைத் திறக்கலாமா? அவர் என்ன சொல்வாரோ? ஜெயசீலி முடிவெடுப்பதற்குள் கை திரும்பி வந்துவிட்டது. ஈரமாக, சில்லென்று. ஆமென்.

தபீதாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். முழங்கால்வரை சிவப்புச் சாறு.

“போய் மிதிச்சிட்டியா கழுதை?” என்று கிருபானந்தம் சிரித்தார். அவள் சோற்றைத் தொடவில்லை. வெங்கடம்மா ரசத்துக்குக் காசே வாங்கவில்லை. படகுத்துறைவரை வந்து வழியனுப்பினாள்.

படகு கரையை விட்டு நகர்ந்தது. வெயில் சாய்ந்து ஏரி மங்கியிருந்தது. வரும்போது ஓயாமல் பேசிய பிள்ளை இப்போது ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஜெயசீலி தண்ணீரை அள்ளி அவள் கால்களைத் தேய்த்தாள். சாயம் போகவில்லை. புளித்த வாசனை அவள் தலைமுடியிலிருந்தும் வந்தது. வலது காலைத் திருப்பிப் பார்த்தாள்.

கொப்புளம் இல்லை.

இடது காலைப் பார்த்தாள். அதிலும் இல்லை. உள்ளங்கால் வெளுத்து ஊறிப் போயிருந்தது. ஒரு ரேகை இல்லை.

“இன்னாங்க... இவ கால...”

“ஜெபம் பண்ணிடலாம். கையப் புடி” என்றார் அவர். கண்ணை மூடிவிட்டார். “ஆண்டவரே, வந்த மூணு பேரையும் பத்திரமா வீட்டுக்குக் கூட்டிக்கினு போறீங்களே...”

பழக்கத்தில் அவள் கண்ணும் மூடிக்கொண்டது. சில்லென்ற கை அவள் கையைப் பற்றியது.

அப்போது கரையிலிருந்து கேட்டது.

“அம்மா! கால் எரியுதும்மா!”

ஜெயசீலி கண்ணைத் திறந்தாள். வெங்கடம்மா வீட்டுப் பந்தலுக்கடியில் தொட்டி. தொட்டிக்கு மேலே வரிசையாகச் சின்னத் தலைகள், ஏறி ஏறி இறங்கின. கடைசித் தலையில் மஞ்சள் ரிப்பன்.

“படகைத் திருப்பு! என் பிள்ளை அங்க இருக்கா!”

படகுக்காரன் பாயையே பார்த்துக்கொண்டிருந்தான். “திருப்ப முடியாதும்மா” என்றான். “அங்கருந்து கூப்பிட்டா திருப்பக்கூடாது.”

அவள் குதிக்க எழுந்தாள். அந்தச் சில்லென்ற கை அவளை விடவில்லை. சின்னக் கைதான். இழுத்தாள், கடித்தாள், அசையவில்லை. கிருபானந்தம் கண்ணைத் திறக்காமலேயே அதட்டினார். “ஜெபத்துல இன்னா சத்தம் ஜெயா? பாப்பா இங்கதானே கீது.”

“அம்மா... அம்மா...” குரல் தேய்ந்தது. பிறகு சளப் சளப் மட்டும். பிறகு அதுவும் இல்லை.

“...ஆமென்” என்று முடித்தார் அவர்.

“ஆமென்” என்றது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அது. அச்சு அசல் தபீதாளின் குரலில்.

கரையில் மஞ்சள் ரிப்பன் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.