மஞ்சளாகாத தண்ணீர்

ஐந்து சொட்டு சோதனை மருந்து விட்டுக் குலுக்கியும் கண்ணாடிக் குப்பியில் இருந்த தண்ணீர் மஞ்சளாகவில்லை. சாஜிதா பானு அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். குளோரின் இருந்தால் மஞ்சளாகும், இல்லையென்றால் அப்படியே நிற்கும். வீடு வீடாகப் போய் இதைப் பார்த்து எழுதுவதுதான் நாலு வருஷமாக அவள் வேலை. அன்றைக்கு அந்தத் தெருவுக்குத் தண்ணீர் முறை. பெண்கள் விசைத்தறியை நிறுத்திவிட்டுக் குடத்தோடு ஓடியிருந்ததால், எந்நேரமும் தடதடக்கிற தெருவில் குழாய்கள் காற்றைத் துப்பும் சீறலும் குடத்தின் அடியில் தண்ணீர் விழும் ஓசையும் மட்டும் கேட்டன. கூடவே ஒரு வாசனை. பிளீச்சிங் வாசனை இல்லை. தூங்கி எழுந்தவர்கள் பல் தேய்க்காமல் முகத்துக்கு நேரே பேசினால் வருமே, அந்த வாசனை.

அவள் மோட்டார் போடுகிற ராமசுப்புவுக்குப் போன் செய்தாள்.

"அண்ணாச்சி, தொட்டியில பிளீச்சிங் மருந்து போட்டியளா? கடைசிக் குழாய்ல நிறமே வரலை."

"காலையிலயே போட்டாச்சு தாயி. தண்ணி சில நேரம் மருந்தைத் தின்னுடும்லா. இன்னொரு மடங்கு கலக்குதேன், செரியா?"

பக்கத்தில் மகபூப் பீவி குப்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடம் விட்டால் சாஜிதாவின் ஆறு வயது மகள் ஹனா இருப்பது அவள் வீட்டில்தான்.

"மஞ்சக் கலரே இல்ல. அப்ப நல்ல தண்ணிதானேம்மா?"

"செரி, செரி," என்றாள் சாஜிதா போனில்.

மகபூப் பீவி எதையோ சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனாள். எதிர்முனையில் மோட்டார் இரைச்சல் அதிகமாக இருந்ததால் அது என்னவென்று சாஜிதா காதில் விழவில்லை.

சாயங்காலம் பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்லி அரைமணி நேரம் கழித்துத் தெருவின் முதல் வீட்டில் பார்த்தாள். அங்கேயும் நிறம் இல்லை. இரண்டு மடங்கு மருந்து கலந்த தண்ணீர் மூக்கைத் துளைக்க வேண்டாமா? பையிலிருந்த பிளீச்சிங் பவுடரை ஒரு கை அள்ளி, அந்த வீட்டுப் பொன்செல்வியின் வாளியில் போட்டுக் கலக்கினாள். நெடி கண்ணை எரித்தது. பத்து எண்ணுவதற்குள் நெடி போய்விட்டது. வெள்ளைக் கலங்கலும் போய்விட்டது. கையை வெளியே எடுத்த பிறகும் தண்ணீர் அடங்கவில்லை. அவள் விரல்கள் இருந்த பக்கமாக ஒருச்சாய்ந்து, வாளி விளிம்புக்கு மேலே ஏறி, வழியாமல் நின்றது.

"பொன்செல்வி, இதைக் குடிச்சிராத."

"அப்பவே குடிச்சாச்சே, அக்கா. டெஸ்ட் பண்ணி நல்ல தண்ணின்னு நீங்கதானே சொன்னியளாம்? மகபூப் மாமி தெருப்பூரா சொல்லிட்டுப் போனாவ."

சாஜிதாவுக்கு அப்போதுதான் போனில் சொன்ன அந்தச் 'செரி' உறைத்தது. யா அல்லாஹ், நான் மாமிக்குப் பதில் சொல்லவில்லையே. பொன்செல்வி வாளியைத் தூக்கி விளிம்பில் வாய் வைத்தாள். சாஜிதா அதைப் பிடுங்கப் பார்த்தாள். முடியவில்லை.

ஓடினாள்.

"குடிக்காதீங்க! யாரும் குடிக்காதீங்க!"

யாரும் திரும்பவில்லை. வாசலுக்கு வாசல் ஆட்கள். எல்லார் தலையும் அண்ணாந்திருந்தது. மடக், மடக். தெரு முழுக்க அந்த ஒரு சத்தம். ராமசுப்புவுக்குப் போன் போட்டாள், தண்ணீரை நிறுத்தச் சொல்ல. எடுத்துவிட்டார். அங்கேயும் மடக், மடக்.

மகபூப் பீவியின் வீடு திறந்து கிடந்தது. அவள் டிரம்முக்குள் தலையை விட்டிருந்தாள்.

"மாமி, ஹனா எங்க?"

சாஜிதா உள்ளே ஓடினாள்.

"ஹனா! மக்கா!"

அடுப்பங்கரையில் இருந்தாள். பள்ளிக்கூட யூனிபார்ம் நெஞ்சுவரை நனைந்து ஒட்டியிருந்தது. காலைச் சுற்றிக் காலிச் சொம்புகள். சாஜிதா அவளை வாரி அணைத்தாள். உடம்பு குளிர்ந்து கிடந்தது. கனம் தாங்கவில்லை. பெரிய ஆள் கனம்.

"எவ்வளவு குடிச்ச? சொல்லும்மா. உம்மாட்ட சொல்லு."

"உம்மா, உங்க கை மணக்கு."

பிளீச்சிங் அள்ளிய கை. ஹனா அதை இரண்டு கையாலும் பிடித்து விரல்களை வாய்க்குள் வைத்துக்கொண்டாள். பிள்ளை பசித்துப் போயிருக்கிறாள் என்றுதான் தாய்க்கு முதலில் தோன்றியது. அவள் சப்பினாள். விரல்கள் இன்னும் உள்ளே போயின. பல் தட்டுப்படவில்லை. நாக்கு தட்டுப்படவில்லை. தொண்டை இருக்க வேண்டிய இடத்தில் தொண்டை இல்லை. குளிர்ந்த தண்ணீர். மணிக்கட்டு வரை. முழங்கை வரை.

ஹனாவின் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. இழுத்தால் பிள்ளைக்கு வலிக்குமோ என்று சாஜிதா கையை இழுக்கவில்லை.