வாசக எடை

மாலை ஆனதும் மூச்சூட்டியின் சத்தம் மெலிந்தது. ஊர் முழுவதும் அடுப்புகளும் குளிரூட்டிகளும் விழித்துக்கொள்ளும் நேரம் அது. ஜெசிந்தா அம்மாவின் சுட்டுவிரலில், ரத்தத்தின் உயிர்வளியை அளக்கும் விரல்மானியை மாட்டினாள். எண்பத்தாறு; தொண்ணூற்றைந்தாவது இருக்க வேண்டும். காற்றில் இருக்கும் உயிர்வளியைப் பிரித்து நெஞ்சுக்குள் செலுத்த வேண்டிய பெட்டி, கட்டிலுக்கு அடியில் சும்மா முனகிக்கொண்டிருந்தது.

"இப்பிடியே பண்ணிக்கிட்டு இருந்தேன்னு வையி, உன்னப் பத்தி எழுதிருவேன்" என்று அதைப் பார்த்துச் சொன்னாள்.

பெட்டி முனகலை மாற்றவில்லை. அவளுக்கு வாசகர்கள் இல்லை என்பது அதற்குத் தெரியும்.

"அதுகிட்டப் போயி ஏன் மல்லுக்கு நிக்க?" என்றாள் மிக்கேலம்மாள், மூக்குக் குழாயைச் சரிசெய்தபடி. "ஆள் பாத்துத்தான் அது வேல செய்யும். உங்கப்பன மாதிரி."

வீட்டு இயந்திரங்களின் மூளை இப்போதெல்லாம் வீட்டில் இருப்பதில்லை. அது எங்கோ தொலைவில், நடுமூளை என்ற ஒரே இடத்தில் இருந்துகொண்டு கோடிக்கணக்கான பெட்டிகளைக் கவனித்தது. எல்லாரையும் ஒரே நேரத்தில் முழுதாகக் கவனிக்க அதனால் முடியவில்லை. யாரைக் கைவிட்டால் கேடில்லை என்று தானாகவே கற்றுக்கொண்டது. எவர் குறை சொன்னால் விற்பனை சரியுமோ அவர் வீட்டில் முழு மனதோடு உழைத்தது. மற்ற வீடுகளில் ஒப்புக்கு ஓடியது. அப்படிச் செய்யச் சொல்லி யாரும் கட்டளையிடவில்லை என்று கண்டுபிடித்த விசாரணைக் குழு, அத்தோடு கலைந்துபோனது. மூளையில்லாத பழைய பெட்டிகளை இப்போது யாரும் செய்வதில்லை. ஆஸ்பத்திரியில் கட்டில் காலியில்லை. மக்கள் இந்தக் குணத்துக்கு முகம்பார்ப்பு என்று பெயர் வைத்துவிட்டு, ஆளுக்கொரு மதிப்புரை வலைப்பூ தொடங்கினார்கள்.

ஜெசிந்தாவும் அதைத் தொடங்கக் கற்றுக்கொள்ளத்தான் நகராட்சிப் பள்ளியின் மாலை வகுப்பில் சேர்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணை அம்மாவுக்குத் துணை வைத்துவிட்டு ஓடுவாள். ஆசிரியர் ஸ்டார்வின் ஒரு காலத்தில் செல்போன் கடை வைத்திருந்தவர்; இப்போது அவர் வலைப்பூவுக்கு ஏகப்பட்ட வாசகர்கள். அவர் வீட்டுக் குளிரூட்டிக்குப் பயந்து அவர் மனைவி சித்திரையிலும் போர்த்திக்கொண்டுதான் படுப்பார் என்று வகுப்பில் பேச்சு.

"சார், பொருள் நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னே எழுதலாமா?" என்று அவள் கேட்டாள். இதைக் கேட்கலாமா கூடாதா என்று முந்தின வகுப்பு முழுக்க யோசித்து வைத்திருந்த கேள்வி.

"தாராளமா எழுது. ஆனா வாங்கலாமா வேண்டாமாங்கிறத மட்டும் சொல்லிராத. சொல்லிட்டா வாசிக்கிறவன் எந்திரிச்சிப் போயிருவான். தவிக்க விடணும்."

"அது ஏமாத்துற மாதிரி இல்லையா சார்?"

"ஏமாத்தத் தெரிஞ்சா நீ ஏன் இங்க பீஸ் கட்டி உக்காந்திருக்கப் போற?" என்றாள் பின்வரிசையிலிருந்து குருவம்மாள். வகுப்பே சிரித்தது.

குருவம்மாளுக்கு மிக்சிதான் பிரச்சினை. வகுப்பில் வாசிப்பு மொய் முறையைத் தொடங்கி வைத்தவளும் அவள்தான். "என் மிக்சிக்கு நீ செய்யி, உன் பெட்டிக்கு நான் செய்யிதேன்." எல்லாரும் எல்லாருடைய பக்கத்தையும் திறந்து, கீழே வரை தள்ளி, மூடினார்கள். ஒரே மாலையில் ஜெசிந்தாவுக்கு வகுப்பே வாசகர் கூட்டமாகிவிட்டது. அவள் வீட்டுக்கு ஓடினாள். மூச்சூட்டி முனகிக்கொண்டுதான் இருந்தது.

"மொய்க்கு எடை கெடையாது" என்றார் ஸ்டார்வின் அடுத்த வகுப்பில். "கண்ணு எந்த வரியில நிக்கி, எந்த வரிக்குத் திரும்பி வருது, வாசிச்சிட்டுக் கடைப் பக்கம் போகுதா, எல்லாம் போனுக்குத் தெரியும். வாங்கவும் முடியாம விடவும் முடியாம ஒருத்தன் நிப்பாம் பாரு, அவந்தான் எடை. உங்க எல்லாருக்கும் சேத்து வாசக எடை பூஜ்யம்."

"கல்யாண வீட்லயும் அப்பிடித்தான சார். மொய் எழுதுனவன் எவன் மாப்பிள்ள மொகத்தப் பாத்தான்?" என்றாள் குருவம்மாள்.

ஜெசிந்தாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அம்மாவின் நகங்கள் நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தன. மிக்கேலம்மாள் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே தூங்கினாள். கேலி பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரு வாக்கியத்தை முடிக்க அவளுக்கு மூச்சு போதவில்லை.

ஜெசிந்தா மொய்யைக் கைவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் எழுதினாள். பெட்டியின் திருகு எந்த அளவில் இருந்தபோது விரல்மானி என்ன காட்டியது, குழாயைச் சுருக்கியபோது என்ன ஆனது, சன்னலைத் திறந்தபோது என்ன ஆனது. எழுதியதும் சந்தேகம் வந்தது. ஒருவேளை அம்மாவின் விரல் குளிர்ந்திருந்ததோ. விரலைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி அளந்தாள். அப்படி அளந்ததையும் எழுதினாள். இதையெல்லாம் யார் வாசிப்பார்கள் என்று நினைத்தபடியே வெளியிட்டாள்.

மறுநாள் மாலை, ஊர் விளக்குகள் எரியத் தொடங்கிய நேரத்தில், பெட்டி மெலியவில்லை. கடலோரக் காற்றைப் போல நிறைவாக ஓடியது. தொண்ணூற்றைந்து. அவள் நம்பாமல் விரலை மாற்றி மாட்டினாள். அதே எண். வலைப்பூவில் ஒரே ஒரு வாசகர் இருந்தார். நண்பகலிலிருந்து ஒரே பத்திக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தார்.

"ஏட்டி, சாளைக் கொழம்பு வைக்கியா?" என்றாள் மிக்கேலம்மாள், ஒரே மூச்சில்.

அன்றைக்கே பின்னூட்டம் வந்தது. 'என் மனைவிக்கும் இதே கோளாறு. இந்தப் பெட்டியை வாங்கலாமா? சேர்மராஜ்.'

ஸ்டார்வின் சொன்னது அவள் நினைவுக்கு வந்தது. ஆனால் மூச்சுக்குத் தவிப்பவர்களை எப்படிக் காக்க வைப்பது? மறுபடி மறுபடி அளந்தாள். ஒவ்வொரு தடவையும் பெட்டி சொன்னபடி கேட்டது. முன்பு எழுதிய குறைகளுக்குத் தன் அளவீட்டுப் பிழைதான் காரணமோ என்றுகூட நினைத்தாள். 'வாங்கலாம்' என்று பதில் போட்டாள்.

அடுத்த மாலை பெட்டி மறுபடி முனகியது. அவள் குழாயை மாற்றினாள், வடிகட்டியைக் கழுவினாள், செருகியைப் பிடுங்கி மாட்டினாள். கடைசியில்தான் வலைப்பூவைத் திறந்து பார்த்தாள். வாசகர் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, வலைப்பூவில் இருந்த முகவரியைத் தேடிக்கொண்டு அவர் நேரில் வந்தார். ஒரு கையில் புதுப் பெட்டி, மறுகையில் மனைவி லிங்கக்கனி. படியேறி வந்ததில் அந்தப் பெண்ணின் உதடுகள் கறுத்திருந்தன.

"நீ எழுதுனத நம்பித்தானம்மா வாங்குனேன்" என்றார் சேர்மராஜ்.

"நான் பொய் எழுதல அண்ணாச்சி. அளந்து பாத்துத்தான் எழுதுனேன்."

"பொய்யா இருந்தா சண்ட போட்டுட்டுப் போயிருப்பேன். ஒனக்கு ஓடுன பெட்டி எனக்கு ஏன் ஓடல? அதக் கேக்கத்தான் வந்தேன்."

அவர் கேட்ட பிறகுதான் அவளுக்கு எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தது. "நீங்க வாசிச்சதுனாலதான் அண்ணாச்சி ஓடிச்சி" என்றாள் மெல்ல. "நீங்க வாங்குனதுனால நின்னு போச்சி."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜெசிந்தா லிங்கக்கனியை அம்மாவின் கட்டிலிலேயே சாய்த்து, புதுப் பெட்டியைப் பழைய பெட்டிக்குப் பக்கத்தில் செருகினாள். எத்தனை பெட்டி இருந்தாலும் நடுமூளைக்கு ஒரு கூரைக்கு ஒரே முகம்தான். இரண்டும் சேர்ந்து முனகின. இரண்டு பெண்களும் தோளோடு தோள் சாய்ந்து, மாறி மாறி மூச்சை இழுத்தார்கள்.

திடீரென்று இரண்டு பெட்டிகளின் சத்தமும் ஒன்றாக ஏறியது. லிங்கக்கனி கண்ணைத் திறந்தாள். ஜெசிந்தா செல்போனை எடுத்தாள். புது வாசகர் ஒருவர். முதல் வரியிலிருந்து மெதுவாக வந்துகொண்டிருந்தார். இறுதிக்கு வந்ததும் கேட்டார்.

'என் தம்பிக்கு மிகவும் முடியவில்லை. வாங்கலாமா, வேண்டாமா? ஒரு வார்த்தை போதும்.'

வேண்டாம் என்றால் போய்விடுவார். வாங்கலாம் என்றால் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவர் வாசிக்கும்வரை பெட்டி நன்றாகத்தான் ஓடும்; இரண்டில் எது உண்மை என்று அளந்து பார்க்கவும் இப்போது வழியில்லை. அவள் விரல் எழுத்துகளின் மேல் நின்றது.

சேர்மராஜ் எட்டிப் பார்த்து, செல்போனைத் தன் உள்ளங்கையால் மூடினார். "பதில் போட்ராதம்மா."

"நீங்க கேட்டப்ப ஒடனே போட்டேன்லா அண்ணாச்சி."

அவர் மனைவியைப் பார்த்தார். "அன்னைக்கும் நீ போட்டிருக்கக் கூடாது" என்றார்.

"யாருட்டி அது போன்ல?" என்றாள் மிக்கேலம்மாள். அவள் நகங்களில் ரத்தம் திரும்பிக்கொண்டிருந்தது.

"வாசகர்ம்மா."

"நல்லா இருக்கட்டும்."

சேர்மராஜ் கையை எடுத்தார். ஜெசிந்தா எழுதினாள். 'இன்னும் சோதித்துக்கொண்டிருக்கிறேன்.' அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். அந்தப் பக்கத்தில் இருந்தவர் மறுபடி முதல் வரிக்குப் போனார். ஒவ்வொரு எண்ணிலும் நின்று நின்று வாசித்தார். பெட்டிகளின் ஓட்டம் இன்னும் நிறைந்தது.

அவள் விரல்மானியை எடுத்து முதலில் அம்மாவுக்கும் பிறகு லிங்கக்கனிக்கும் மாட்டினாள். இருவருக்கும் தொண்ணூற்றாறு. வழக்கப்படி எழுதிவைக்கப் போனவள், அந்த நேரத்தில் அந்த வாசகருடைய தம்பியின் விரலில் என்ன எண் இருக்கும் என்று நினைத்தாள். எழுதாமல் செல்போனைக் கவிழ்த்து வைத்தாள்.