கொலைகாரக் கொண்டை ஊசி

"ஐயோ... பூட்ச்சே! எல்லாம் பூட்ச்சே!"

காலை வியாபாரத்தில் மும்முரமாக இருந்த காசிமேடு மீன் சந்தை திடுக்கிட்டுத் திரும்பியது.

ஐஸ் குவியலிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு சிவப்புக் கார், மூக்கு நசுங்கி, மீன் கூடைகளுக்கு நடுவே புகைந்துகொண்டிருந்தது.

அலறியவள் மீன்காரி சிலுவையம்மாள். கால்களுக்காக அல்ல. நசுங்கிப்போன வஞ்சிரத்துக்காக!

பின்னாலேயே பைக்கில் வந்த வசீம் ஓடி வந்து கால்களைப் பிடித்து இழுத்தான்.

பிணம் வெளியே வந்தது... இருமியது... ஒரு நெத்திலியைத் துப்பியது!

பரசுராமன். திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் வெல்டர். பழைய அம்பாசடர் ஒன்றின் தலையைச் சீவி, வேன் எஞ்சினை வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் தின்று அவனே கட்டிய ஹாட் ராட் வேகக் கார் அது. உலகமே வாய் பிளக்கும் என்று நினைத்து இன்றுதான் முதன்முறையாக வெளியே எடுத்திருந்தான். உலகம் வாயைப் பிளந்துதான் நின்றது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சப் இன்ஸ்பெக்டர் எழில்மொழி வந்தாள்.

"மேடம்! இது ஆக்சிடென்ட் இல்ல... கொலை முயற்சி!"

"யாரைக் கொல்ல?"

"என்னத்தான் மேடம்!"

தலையில் ஐஸ், சட்டைப் பையில் இறால். எழில்மொழி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"உன்னைக் கொல்றதுக்கு ஒருத்தன் இவ்ளோ மெனக்கெடுவானா?"

நியாயமான கேள்விதான் என்று பரசுராமனுக்கே பட்டது. இருந்தாலும் விடவில்லை.

"பிரேக்க மிதிச்சேன் மேடம். பெடலு அப்டியே தரையோட பூட்ச்சி! நேத்து வரிக்கும் கல்லாட்டம் நின்னுச்சி. எவனோ கை வச்சிகீறான்!"

"இந்த வண்டியப் பூட்டி வைக்கிற ஷெட் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்னாண்ட ஒண்ணு... இன்னொண்ணு..."

பரசுராமனின் விரல் மெதுவாக உயர்ந்தது. வசீமின் மார்புக்கு நேராக நின்றது!

வசீம். தண்டையார்பேட்டையில் லேத் பட்டறை. பள்ளிக்கூடத்திலிருந்து தோஸ்து. பாதி வண்டியைக் கடைந்து கொடுத்தவன்.

"மாமு... என்னையா சொல்ற?"

"நேத்து நீதானடா சொன்ன? இந்த வண்டில போனீன்னா செத்துருவடான்னு!"

வசீம் ஐஸில் விறைத்த கைகளை லுங்கியில் துடைத்துக்கொண்டான். தானாகவே போய் போலீஸ் ஜீப்பின் பின் சீட்டில் உட்கார்ந்தான்.

பரசுராமன் ஜீப்பைப் பார்த்தான். இழுத்துப் போட்டவனையே மாட்டிவிட்டோமே... ஆனால் அவனுக்குள் இப்போதுதான் பிறந்திருந்த துப்பறியும் நிபுணன் அடங்கவில்லை.

எழில்மொழி காருக்குள் குனிந்து பெடலுக்கு அடியில் டார்ச் அடித்தாள். எதையோ எடுத்தாள்.

வளைந்துபோன ஒரு கொண்டை ஊசி!

"இது பொம்பளைங்க சாமானாச்சே?"

"பரசு! இன்னா ஆச்சிய்யா ஒனக்கு?"

சேதி தெரிந்து ராயபுரத்து வீட்டிலிருந்து அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தாள் அவன் மனைவி கன்னியம்மா. அவள் கொண்டை அவிழ்ந்து தொங்கியது.

பரசுராமன் ஊசியைப் பார்த்தான். கொண்டையைப் பார்த்தான். ரத்தம் உறைந்தது... ஐஸால் மட்டுமல்ல!

"கன்னி... நீயா? ஒண்ணு இந்த வண்டி, இல்ல நானுன்னு சொன்னியே... அது இதானா?"

"இன்னாய்யா ஒளறிகினு கீற?"

"இது யாருது?" எழில்மொழி ஊசியை நீட்டினாள்.

"என்துதான்."

கூட்டம் மூச்சை இழுத்தது.

"மேடம்! ஒத்துகினா!"

"யோவ்! அத்த என் தலைலருந்து புடுங்குனது யாருன்னு கேளேன்!"

"யாரு?"

"நீ!"

பரசுராமன் தன் விரல்களையே சந்தேகமாகப் பார்த்தான்.

"ஆயுத பூசை அன்னிக்கி ஸ்பேனரு, கட்டிங் பிளேயரு, டூல் பாக்ஸு எல்லாத்துக்கும் சந்தனம் வச்சி சாமி முன்னால அடுக்கியாச்சி. மறுநா வரிக்கும் தொடக்கூடாது. அப்ப நீ காருக்கு அடிலருந்து கத்துன. 'கன்னி, காட்டர் பின்னு போட மறந்துட்டேன், பாக்ஸத் தொட்டா சாமி குத்தம்'னு. வந்து என் கொண்டைல கை வச்ச. காலைல மாத்திக்கிறேன்ன!"

எல்லாம் ஞாபகம் வந்தது. பிரேக் பெடலை அதன் தள்ளுகம்பியோடு இணைக்கும் ஆணி. அது கழன்று விழாமல் பிடிக்கும் சின்னக் கம்பிதான் காட்டர் பின். அதற்குப் பதில் கொண்டை ஊசியைச் செருகிய மகானுபாவன் அவனேதான். மறுநாள் காலை பொரிகடலை தின்றான். பெயின்ட்டுக்குப் பாலிஷ் போட்டான். பின்னை மறந்தே போனான்.

ஜீப்புக்குள்ளிருந்து வசீமின் குரல் வந்தது.

"பெடலாண்ட சவுண்டு வருது, பாக்கறேன்னு சொன்னேன். என் வண்டில கை வெக்காதன்ன. அப்பதான் மாமு சொன்னேன்... இப்டியே போனீன்னா செத்துருவடான்னு. அதான் பயந்துகினு பின்னாடியே வந்தேன்."

பரசுராமனுக்குக் கண் கலங்கியது. ஜீப்பருகே போய்த் தலை குனிந்தான்.

"செருப்பால அடிடா."

"ஒன்ன இழுக்கசொல்லோ அது ஐஸுல மாட்டிகினுச்சி. அப்பால அடிக்கிறேன்."

வசீம் இறங்கி வந்து காருக்கு அடியில் படுத்தான். கழன்ற ஆணியைத் தேடி எடுத்துச் செருகினான். பட்டறைச் சட்டைப் பாக்கெட்டிலிருந்து அசல் காட்டர் பின் ஒன்றைப் போட்டு, அதன் இரண்டு கால்களையும் பிளேயரால் விரித்து மடக்கினான். எழுந்து பெடலை மிதித்தான். கல் மாதிரி நின்றது.

எழில்மொழி பேனாவைத் திறந்தாள்.

"கொலை முயற்சின்னு புகார் சொல்லிட்ட. குற்றவாளி பேரு?"

"...பரசுராமன் மேடம்."

"அப்பா பேரு?"

"அவர எதுக்கு மேடம் இதுல இஸ்த்துகினு?"

"இந்த டப்பாவுக்கு ஆர்.சி?"

பரசுராமன் ஐஸைப் பார்த்தான். திரும்பவும் உள்ளே போய்விடலாமா என்று இருந்தது.

"ஏறு ஜீப்புல!"

வசீம் உட்கார்ந்திருந்த அதே சீட். இன்னும் சூடாக இருந்தது.

"வக்கீலப் பாக்கறேன் மாமு!" என்றான் வசீம்.

"வஞ்சிரத்துக்கு வழி சொல்லிட்டுப் போய்யா!" என்றாள் சிலுவையம்மாள்.

ஜீப் உறுமிக் கிளம்பியது. எதிரே ஒரு மீன் லாரி. பரசுராமன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி போலீஸ் டிரைவரின் காதருகே குனிந்தான்.

"அண்ணே... இதுல பிரேக்கு பாத்துட்டீங்களா?"

"பாத்தாச்சி நைனா... ஆயுத பூசைக்கு முன்னாடியே!"