பூனைகள் கொண்டுவந்தவை

அன்று காலை வாசற்கல்லில் கிடந்த எலிக்குஞ்சுக்கு உயிர் இருந்தது.

அழகர் குனிந்து பார்த்தான். கண் திறக்காத, மயிர் முளைக்காத குஞ்சு. வழக்கமாகப் பூனைகள் கொண்டுவந்து போடும் எலிகளின் கழுத்து முறிந்து தொங்கும். இதன் மேல் ஒரு பல்கூடப் பதியவில்லை. நக்கித் துடைத்து வைத்ததுபோல் ஈரமாக மின்னியது. மூன்று பூனைகளும் கல்லைச் சுற்றி உட்கார்ந்து, அவனை ஏறெடுத்தும் பாராமல், வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தன. ரெங்கம்மாவைத் தேடுகின்றன என்று நினைத்துச் சிரித்துக்கொண்டான்.

ரயில் பாதை இன்னும் பண்டாரவளையைத் தாண்டாத காலம் அது. இலங்கை மலைநாட்டில், ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், எருவுக்கும் துரை பங்களாவின் பாலுக்குமாகக் கட்டியிருந்த முப்பது மாடுகளை அழகர் பார்த்துக்கொண்டான். தொழிலாளர் குடியிருந்த லயங்களிலிருந்து அரை மைல் தூரம் மேலே மாட்டுப்பட்டி. அதை ஒட்டிய ஒற்றை அறையில் அவனும் அவன் மனைவி ரெங்கம்மாவும் இருந்தார்கள். தை மாதம் அவர்களுடைய ஆண்குழந்தை பிறந்த நாற்பதாம் நாள் காய்ச்சலில் போய்விட்டது. அன்றிலிருந்து ரெங்கம்மா பேசவில்லை. ஒருநாள் ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் நின்றவளைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் கரைக்கு இழுத்து வந்தார்கள். அப்போது அவள் முகத்தில் இருந்த அமைதியை அழகரால் மறக்கவே முடியவில்லை.

பூனைகள் வந்தது எலித்தொல்லையால்தான். புண்ணாக்கு மூட்டைகளை ஓட்டை போட்டது போதாதென்று, படுத்திருக்கும் கன்றுகளின் குளம்பையும் எலிகள் கடிக்கத் தொடங்கியிருந்தன. தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் கணபதிக் கங்காணி சொன்னபடி, ஹாலிஎலைக் கடைவீதி றஹீம் நானாவின் அரிசிக் கிட்டங்கியிலிருந்து மூன்று குட்டிகளைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தான்.

ஒரு மாதத்தில் பட்டியே மாறிப்போனது. எலிகள் ஒழிந்தன. குளிரில் பூனைகள் மாடுகளின் முதுகில் ஏறிச் சுருண்டு படுத்தன. மாடுகளும் அசையாமல் நின்று இடம் கொடுத்தன. பால் கறக்கும்போது அழகர் காம்பைத் திருப்பிப் பீய்ச்சுவான். மூன்றும் வரிசையாக நின்று வாயைத் திறந்து ஏந்தும். அதைப் பார்த்துத்தான் ஐந்து மாதத்துக்குப் பிறகு ரெங்கம்மா சிரித்தாள். முதல் எலியைக் கொண்டுவந்து அவள் காலடியில் போட்டபோது அவள் பேசவும் செய்தாள்.

"எனக்கா கொண்டாந்தீங்க, என் ராசாக்களா?"

அன்றிரவு அழகர் வெளியே போய் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான்.

அன்று காலை உயிரோடு கிடந்த எலிக்குஞ்சை ரெங்கம்மா எடுத்து மாரோடு வைத்துச் சேலையால் மூடிக்கொண்டாள். மத்தியானம் அதை வாசற்கல்லில் திரும்ப வைத்தாள். "தூங்கிருச்சு" என்றாள். பூனைகள் அதை முகர்ந்தன. பிறகு அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தன. எழுந்து போயின.

நாலு நாள் கழித்து ஒரு முயல்குட்டி வந்தது. அதற்கும் காயமில்லை. அது ஒரு பகல் முழுக்க உயிரோடு இருந்தது. அடுத்த வாரம் குரங்குக்குட்டி. தாயின் மடியிலிருந்து அதை எப்படிப் பிடுங்கினவோ, மூன்றின் முகத்திலும் நகக்கீறல். அதன் விரல்கள் ரெங்கம்மாவின் சுண்டுவிரலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டதும் அவள் பழஞ்சேலையை எடுத்துக் கூரை வளையில் தொட்டில் கட்டினாள். அது இரண்டு நாள் கத்தியது.

"விட்டுரு ரெங்கம்மா. காட்டுச் சீவன்" என்றான் அழகர்.

"ஏங்க, அதுகளே கொண்டாந்து குடுத்துருக்குங்க. வேணாம்னா வருத்தப்படாதா?"

மூன்றாம் நாள் காலை, "தூங்கிருச்சு" என்றாள்.

புதைக்கத் தூக்கியபோதுதான் அழகருக்குக் கையில் தட்டுப்பட்டது. நெஞ்சுக்கூடு தட்டையாகிக் கிடந்தது. உள்ளே எலும்புகள் காய்ந்த சுள்ளிபோல நொறுநொறுத்தன. கடியல்ல. அணைப்பு. அவன் குழியருகே வெகுநேரம் நின்றான். மேலே அறைக் கூரையிலிருந்து அடுப்புப் புகை எழுந்தது. அடுப்பின் முன் உட்கார்ந்து ரெங்கம்மா ஏதோ முணுமுணுத்துப் பாடுவது கேட்டது. அந்தப் பாட்டு நின்றால் அவள் எங்கே போவாள் என்று அவனுக்குத் தெரியும். மண்ணைத் தள்ளி மூடினான்.

ஐப்பசி மழை பிடித்தது. ஒருநாள் பால் வாளியோடு பங்களாவுக்குப் போகும் வழியில், கொழுந்து மலையில் ஜெயலெட்சுமி அவனைக் கூப்பிட்டாள். தலைப்பிள்ளைக்காரி. மற்றப் பெண்களைப் போலவே அவளும் மலையோர நிழல்மரத்தில் தொட்டில் கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டுத்தான் கொழுந்து பறித்தாள்.

"அண்ணே, ஒங்க பூனைங்க மூணும் காலையில இருந்து எந் தொட்டிலுக்கு அடியிலேயே குந்தியிருக்குங்க. வெரட்டுனாலும் போவல."

அழகர் திரும்பிப் பார்த்தான். ஈர மண்ணில் மூன்றும் அருகருகே. தலைகளை மேலே தூக்கியபடி.

"பாம்பு பூச்சி அண்டாதுல்ல, நல்லதுதான்" என்று அவளே சிரித்தாள். "எம்புள்ள அதுகளப் பாத்துப் பாத்துச் சிரிக்குது."

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான். பால் வாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"ஆமா தங்கச்சி" என்றான்.

மறுநாள் பகலிலேயே மூடுபனி இறங்கியது. பட்டிக்கும் தேயிலைக்கும் நடுவே வெள்ளைத் துணியைக் கட்டித் தொங்கவிட்டாற்போல நின்றது. எருக்குழியின் நெடியும் நனைந்த புல்லின் வாசமும் நகராமல் அங்கேயே தேங்கிக் கிடக்க, கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தவிர வேறு ஓசை இல்லை என்பதை அழகர் மெல்ல உணர்ந்தான். மாடுகள் அசைபோடுவதை நிறுத்தியிருந்தன. முப்பது மாடுகளும் ஒரே பக்கம் பார்த்து நின்றன.

பிறகு அது கேட்டது. ஈரத்துணி மண்ணில் இழுபடும் சத்தம். நின்றது. மறுபடி இழுபட்டது. மேலே ஏறி வந்தது. பட்டியின் பின்பக்கமாகப் போனது.

கீழே, பனிக்குள், ஒரு பெண் கத்தினாள்.

அழகர் பட்டியைச் சுற்றி ஓடினான். பின்பக்கச் சேற்றில் ஒரு தடம். அகலமாக. அறைவாசல் வரைக்கும்.

உள்ளே ரெங்கம்மாவின் மடியில் சேறு படிந்த தொட்டில்சேலை. அதற்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. பிள்ளை விழித்திருந்தது. அழுது களைத்து விக்கியது. ரெங்கம்மா அதைத் தூக்கி மாரோடு சேர்த்தாள். அழகர் கை நீட்டினான். அவள் நிமிர்ந்தாள்.

அதே முகம். ஆற்றங்கரையில் பார்த்த முகம்.

அவன் கை பாதியில் நின்றது.

"டேய் அழகரு!" வெளியே கணபதிக் கங்காணியின் குரல். தடிகள் செடிகளை விலக்கும் சத்தம். "ஜெயலெட்சுமி புள்ளையக் காணோம்டா! மேல எதும் பாத்தியா?"

இவர்கள் போகட்டும் என்று நினைத்தான். போனதும் மெதுவாக வாங்கிக்கொண்டுபோய், செடிக்கடியில் கிடந்தது என்று சொல்லிவிடலாம். கொஞ்ச நேரம்தான். வாசலுக்கு வந்து கதவைப் பின்னால் சாத்திக்கொண்டான்.

"இல்லீங்க ஐயா. இங்கிட்டு ஒண்ணும் வரலீங்க."

"நரியா இருக்குமோ?"

"ஓடைப் பக்கம் பாருங்க ஐயா."

குரல்கள் ஓடைப் பக்கம் இறங்கித் தேய்ந்தன. ஜெயலெட்சுமியின் குரல் கடைசியாகத் தேய்ந்தது.

அப்போதுதான் கதவுக்குப் பின்னால் விக்கல் கேட்கவில்லை என்பதை உணர்ந்தான்.

கதவு திறந்தது. ரெங்கம்மா வெளியே வந்தாள். சேலைப் பொதியைக் குனிந்து வாசற்கல்லில் கிடத்தினாள். ஓரத்தை இழுத்து ஒழுங்காக மூடினாள்.

"சத்தம் போடாதீங்க" என்றாள் அழகரிடம். "தூங்கிருச்சு."

அவன் சேற்றில் உட்கார்ந்தான்.

மூன்று பூனைகளும் பொதியை முகர்ந்தன. அவளை நிமிர்ந்து பார்த்தன. ரெங்கம்மா குனிந்து ஒவ்வொன்றின் தலையாகத் தடவிக்கொடுத்தாள்.

"என்னடா செய்றது, என் ராசாக்களா. இதுவும் தூங்கிருச்சே."

பூனைகள் எழுந்தன. சோம்பல் முறித்தன. ஓடைப் பக்கம் போகவில்லை. அடுத்த மலைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் இறங்கின. அந்த மலைக்கு இன்னும் யாரும் செய்தி சொல்லியிருக்கவில்லை. பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டே பேசிச் சிரிக்கும் சத்தம் வந்தது. பனி ஒரு கணம் விலகியது. நிழல்மரங்கள் நெடுகத் தொட்டில்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள். மெல்ல ஆடிக்கொண்டிருந்தன.

மூன்று வால்கள், நேராக நிமிர்ந்து, அவற்றை நோக்கிப் போயின.